நடுவட்டக் காகிதத்தின் சாட்சியம்

டெட்ராய்ட் நகரின் ரெவிலாட் என்ற சிறு கம்பெனி 1966இல் டாரெல் பேங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' பாட்டை வெளியிட்டது. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறிய வெற்றிப் பாட்டு அது. அந்த ரெவிலாட் இசைத்தட்டு இன்றும் கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கும். அதே ஆண்டு இங்கிலாந்தில் டெக்கா நிறுவனம் அதைத் தன்னுடைய 'லண்டன்' லேபிளில் கொண்டுவர ஏற்பாடு செய்து தட்டும் அச்சடித்துவிட்டது. அதற்குள் பிரிட்டிஷ் உரிமை போட்டி நிறுவனமான இஎம்ஐயின் கைக்குப் போயிருந்தது. டெக்கா பின்வாங்கியது; பாட்டு இஎம்ஐயின் 'ஸ்டேட்சைட்' லேபிளில் வந்தது. லண்டன் லேபிளில் முன்னோட்டத்துக்காக அனுப்பிய சில மாதிரிப் பிரதிகள் மட்டுமே தப்பின என்றுதான் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு, கடைக்குப் போயிருக்கவேண்டிய விற்பனைப் பிரதி ஒன்று வெளிப்பட்டு, 2014 டிசம்பரில் 14,543 பவுண்டுக்கு விலைபோனது. மூன்று லேபிளிலும் ஒரே குரல், ஒரே வாத்தியங்கள், ஒரே ஒலிப்பதிவு. வேறுபட்டது நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் மட்டுமே. இதைக் கேள்விப்படுகிறவர்கள், இசையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸோல் இசைத் தட்டுகளில் அரியவற்றைச் சேகரிப்பவர்களை ஒதுக்கிவிடுவது வழக்கம். என் கட்சி வேறு. லேபிள் பேதம் பார்க்கும் ரசனை ஸோல் இசையை நெருங்கிப் படிக்கும் ஒரு முறை. அந்த இசைக்கு வேறு ஆவணம் ஏதும் மிஞ்சாத இடங்களில் அதுவே ஒரே முறை. விலை அந்த ரசனையின்மீது பிற்பாடு வந்து படிந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும்.

1960களில் இந்த இசை எப்படி வியாபாரமானது என்று தெரிந்தால்தான் அந்தக் காகிதத்தின் அருமை விளங்கும். டெட்ராய்ட், சிகாகோ, மெம்பிஸ், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் என்று கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த நகரங்களிலெல்லாம் சிறு கம்பெனிகள் புற்றீசல்போலக் கிளம்பின. வானொலி அறிவிப்பாளர், ரெக்கார்டு கடைக்காரர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த உள்ளூர் வியாபாரி என்று யார் வேண்டுமானாலும் முதலாளி ஆகலாம். ஓர் இரவுக்கு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து இரண்டு பாட்டுகளைப் பதிவுசெய்து, சில நூறு தட்டுகளை அச்சிட்டு, உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பற்றிக்கொண்டால் நாடு முழுக்க விநியோகம் உள்ள பெரிய கம்பெனி வந்து குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். பற்றாவிட்டால் தட்டுகள் கிடங்கில் முடங்கும், கம்பெனியும் காணாமல் போகும். கணக்குப் புத்தகம், ஒப்பந்தம், மூல ஒலிநாடா இவற்றையெல்லாம் பத்திரப்படுத்த அவர்களுக்கு இடமுமில்லை, அவசியமும் தோன்றவில்லை. பெரும்பாலான இடங்களில் மிஞ்சியது ஏழு அங்குலத் தட்டின் நடுவே ஒரு காகித வட்டம். நடுவில் விட்ட ஒன்றரை அங்குலத் துளை போக, ஒரு வளையம். பாடியவர், பாட்டின் பெயர், அடைப்புக்குறிக்குள் எழுதியவர்கள், பதிப்புரிமைக் கம்பெனி, தயாரிப்பாளர், வாத்திய அமைப்பாளர், நிமிடக் கணக்கு, வரிசை எண், சில சமயம் தெரு முகவரி ஆகியவை அந்த வளையத்தில் இருக்கும். ஒரு நகரத்தின் ஓர் இரவு வேலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மொத்த வாக்குமூலம் அவ்வளவுதான். முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ அஞ்சல் மண்டல எண் இருந்தால், ஐந்து இலக்க ஜிப் குறியீடு 1963இல் நடைமுறைக்கு வருமுன் எழுத்துக்கோத்தது என்று அனுமானிக்கலாம். அந்த வாக்குமூலம் பொய்யும் சொல்லும். 1964இல் ரைச்சஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' மூன்றே முக்கால் நிமிடம் ஓடும். அவ்வளவு நீளமென்றால் வானொலிக்காரர்கள் போடத் தயங்குவார்கள் என்பதால், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லேபிளில் 3:05 என்று அச்சிடவைத்தார். அந்தப் பொய்யே ஒரு தகவல். பாட்டின் நீளத்தை அன்று யார் தீர்மானித்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

லேபிள்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு விடை ஆலைகளில் இருக்கிறது. ஒரு பாட்டு ஓடத் தொடங்கினால் ஒரே ஆலையில் அச்சடித்து அமெரிக்கா முழுக்க லாரியில் அனுப்புவது கட்டுப்படியாகாது. கிழக்கே ஓர் ஆலை, மத்திய மேற்கில் ஓர் ஆலை, கலிபோர்னியாவில் ஓர் ஆலை என்று வேலை பிரியும். வண்ணப் பின்னணியும் கம்பெனிச் சின்னமும் அச்சான வெற்று லேபிள்கள் கட்டுக்கட்டாக இருக்கும்; பாட்டின் விவரத்தை அந்தந்த ஊர் அச்சகம் தனக்கு வாய்த்த எழுத்துருவில் கறுப்பு மையால் மேலே அச்சிடும். அதனால் ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் பாடகர் பெயர் ஒன்றில் கொட்டை எழுத்திலும் மற்றதில் ஒடுங்கிய எழுத்திலும் இருக்கும், வரிசை எண் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் இருக்கும். எழுதியவர் பெயரில் ஓர் எழுத்து விழுந்துபோயிருப்பதும் உண்டு. ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்கள் ஏடு எழுதினவரின் கையையும் ஊரையும் அதிலிருந்தே கண்டுபிடித்தார்கள் அல்லவா, இங்கே நடப்பதும் அதே வேலைதான். கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் வேறுபாடுதான் பிரதி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று சொல்கிறது.

ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் அக்காலத்து அமெரிக்கத் தட்டுகளில், அதாவது 45களில், இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று வினைல். சூடான கட்டியை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து நசுக்கும்போது காகிதமும் கூடவே நசுங்கி உள்ளே பதிந்துவிடும்; பசையே கிடையாது. மற்றொன்று பாலிஸ்டைரீன். உருக்கி அச்சுக்குள் பீய்ச்சித் தட்டை வார்த்து முடித்த பிறகு காகிதத்தைத் தனியாக ஒட்டுவார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்துப் பசை காய்ந்து லேபிளின் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பதும், நடுவில் கொப்புளம் எழும்புவதும் ஸ்டைரீன் தட்டுக்குரிய அடையாளங்கள். நகத்தால் சுண்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீனில் 'டக்' என்ற ஓசை கணீரெனக் கேட்கும். ஸ்டைரீன் வார்ப்பது விரைவு, செலவும் மிச்சம். ஆனால் கனமான ஊசியில் சில தடவை ஓடினாலே தடம் தேய்ந்து இரைச்சல் தட்டத் தொடங்கும். தடம் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அங்கே கீறல் எழுத்துகளும் முத்திரைகளும் தெரியும். சின்ன முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் இருந்தால் அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. அந்த எண் வேலை வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போனதால், தேதி இல்லாத தட்டுக்கும் ஏறக்குறையத் தேதி சொல்லிவிடலாம். மிச்சிகனின் ஒவாசோ ஊரில் இருந்த ஆலையின் முத்திரை, அதன் பெயரின் முதலெழுத்துகளான ஏ-ஆர்-பி. மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ தட்டுகள் அங்கே பிறந்தவை. நாஷ்வில் நகரில் இருந்த ஓர் ஆலைக்கு வேறொரு சரித்திரம் உண்டு. ஊரின் ஓட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை தராத காலத்தில், வீ-ஜே, மோட்டவுன் போன்ற கறுப்பின முதலாளிகளின் கம்பெனிகளிலிருந்து வேலையாக வந்தவர்கள் தங்குவதற்கென்று அந்த ஆலையின் மாடியிலேயே படுக்கையறையும் வரவேற்பறையும் கட்டிவைத்திருந்தார்கள். தன் பாட்டு தட்டாவதைப் பார்க்க வந்தவர், ஊருக்குள் போக முடியாமல் இயந்திரங்களுக்கு மேலேயே இரவைக் கழித்திருக்கிறார். வெற்று வளையத்தில் நாஷ்வில் முத்திரையைக் காணும்போது இதுவும் நினைவுக்கு வராமல் போகாது.

ஒப்பந்தங்களின் கதையை மெம்பிஸ் தட்டுகளைவிடத் தெளிவாகச் சொல்பவை இல்லை என்பது என் எண்ணம். ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய கம்பெனியின் முதல் பெயர் சாட்டிலைட். கார்லா தாமஸின் 'ஜீ விஸ்' 1960இல் சாட்டிலைட் லேபிளில் வந்து ஓடத் தொடங்கியதும் நியூயார்க்கின் அட்லாண்டிக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அது நாடு முழுக்கப் பிரபலமானபோது பெரும்பாலோர் வாங்கிய தட்டில் இருந்தது அட்லாண்டிக் பெயர். சாட்டிலைட் என்ற பெயரில் கலிபோர்னியாவில் இன்னொரு கம்பெனி இருந்ததால் 1961இல் உரிமையாளர்கள் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் ஆனார்கள். 1962இல் புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ் குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' வெளிவந்தது ஸ்டாக்ஸின் கிளையான வோல்ட் லேபிளில், அதுவும் 'பிஹேவ் யுவர்செல்ஃப்' என்ற மெட்டின் பின்பக்கத்தில். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நேயர்கள் பின்பக்கத்தையே கேட்டார்கள். சில வாரங்களில் அதே மெட்டு முன்பக்கமாகி ஸ்டாக்ஸ் லேபிளில் புது எண்ணோடு வந்தது. வோல்ட் 102, ஸ்டாக்ஸ் 127 என்ற இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு நகரமே தன் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கையால் தொட முடிவது முதல் தட்டில்தான்.

அடுத்தது துயரமான பகுதி. அட்லாண்டிக்கோடு வெறும் கைகுலுக்கலாக இருந்த ஏற்பாடு 1965இல் எழுத்து ஒப்பந்தமானது. ஸ்டூவர்ட் அதை முழுக்கப் படிக்காமலே கையெழுத்திட்டார். 1967இல் அட்லாண்டிக் கைமாறி வார்னர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸ் வசம் போனபோதுதான், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுகள் அத்தனையும் அந்த ஒப்பந்தப்படி அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. வேர்வை மெம்பிஸுடையது, உடைமை நியூயார்க்குடையது. இதை வழக்கறிஞரின் கோப்பைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அடுத்த மாதம் வெளியான 'த டாக் ஆஃப் த பே' வோல்ட் லேபிளில் வந்தது. ஏப்ரல் வாக்கில் வந்த தட்டும் வோல்ட்தான். அந்தக் கோடையிலிருந்து அவர் பாட்டுகள் அட்லாண்டிக்கின் கிளையான ஆட்கோ லேபிளில் வரத் தொடங்கிவிடுகின்றன. இறந்துபோன பாடகரின் குரல் சில மாதங்களில் வீடு மாறிவிட்டது. அதே சமயத்தில் ஸ்டாக்ஸின் சொந்தத் தட்டுகளைப் பார்த்தால், தட்டுகளை அடுக்கிவைத்ததுபோல் இருந்த பழைய நீலச் சின்னம் மறைந்து, மஞ்சள் பின்னணியில் சொடுக்குப் போடும் விரல்கள் வருகின்றன. வரிசை எண்ணும் 0001இலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. அத்தனை பாட்டுகளையும் பறிகொடுத்த கம்பெனி ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியதை ஒரு மாணவருக்குச் சொல்ல வேண்டுமென்றால், 1968ஆம் ஆண்டின் நாலைந்து 45களை மேசைமேல் வரிசையாக வைத்தாலே போதும். இதைக் காகித மோகம் என்று எப்படி ஒதுக்குவது?

"இசை தடத்தில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை" என்பார்கள் எதிர்க்கட்சியினர். வலுவான வாதம், பாதி உண்மையும்கூட. ஆனால் தடமும் எல்லாப் பிரதியிலும் ஒன்றல்ல. 1960இல் மிராகிள்ஸ் குழுவின் 'ஷாப் அரவுண்ட்' மோட்டவுனின் தம்லா லேபிளில் வந்து டெட்ராய்டில் விற்பனைக்கும் போய்விட்டது. மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டிக்கு மட்டும் அந்தப் பதிவின் நடை மந்தமாகப் பட்டுக்கொண்டேயிருந்தது. ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு குழுவின் பாடகர் ஸ்மோக்கி ராபின்சனையும் மற்றவர்களையும் எழுப்பி ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார். பியானோக்காரர் வராததால் தானே பியானோ முன் உட்கார்ந்து, பாட்டை விறுவிறுப்பாக்கி மறுபடி பதிவு செய்தார். பத்து லட்சம் விற்று மோட்டவுனை நிலைநிறுத்தியது அந்த இரண்டாம் பதிவுதான். இரண்டுக்கும் வரிசை எண் ஒன்றே, 54034. லேபிளின் மேலோட்டமான தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். வெற்று வளையத்தில் உள்ள மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் எந்தப் பதிவு கையில் இருக்கிறது என்று தெரியும். அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு முதலாளியின் காது எப்படி வேலை செய்தது என்பதை இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும் வாய்ப்பு கிடைக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு அது ஒரே பாட்டு. பதிவு ஒன்றாகவே இருந்தாலும் அதைத் தடமாக வெட்டிய பொறியாளர், ஆலை, பொருள் இவை மாறும்போது தாளத்தின் அழுத்தமும் உரப்பும் மாறும். 45 சுழற்சித் தட்டு ஜூக்பாக்ஸிலும் கையில் தூக்கிச் செல்லும் சிறு ரெக்கார்டு பெட்டியிலும் முழங்குவதற்காக உரக்க வெட்டப்பட்டது. பின்னாளில் வரும் தொகுப்புகளில் நாம் கேட்பது மூல நாடாவை. அன்றைய நடன அரங்கம் கேட்டது தட்டை. எதிர்வாதத்துக்கு நான் விட்டுக்கொடுக்கும் பகுதி ஒன்றுண்டு. அச்சகம் மாறி எழுத்துரு மட்டும் மாறிய பேதங்களில், ஒலியில் எந்த வித்தியாசமும் இராது. அங்கே இசைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, வரலாற்றுக்குத்தான் கிடைக்கிறது. அதைச் செவி இன்பம் என்று சொல்லி விற்பது தவறு.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்ததும் லேபிள் பேதத்துக்கு வேறொரு பொருள் வந்தது. மோட்டவுன் பாட்டுகள் இங்கிலாந்தில் தங்க இடம் தேடி அலைந்த வழி லேபிள்களில் அப்படியே பதிவாகியிருக்கிறது. முதலில் லண்டன், பிறகு ஃபான்டானாவில் நாலே நாலு தட்டு, பிறகு ஓரியோல், 1963இலிருந்து ஸ்டேட்சைட், 1965 மார்ச்சில் ஒருவழியாகச் சொந்த வீடாகத் 'தம்லா மோட்டவுன்'. இந்த ஆறே ஆண்டுகளில், மேலைநாடே பின்னாளில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய இசையை வாங்க ஆளில்லாமல் கம்பெனி மாற்றிக் கம்பெனி கைகழுவியிருக்கிறது. ஃபான்டானா, ஓரியோல் பிரதிகள் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம் அன்று அவை விற்காததுதான். அரிது என்பது பெரும்பாலும் அக்காலத்துப் புறக்கணிப்பின் அளவு என்பதை விலைப்பட்டியல்கள் சொல்வதில்லை. மோட்டவுன் ரசிகர் சங்கம் நடத்திய டேவ் கோடின், லண்டனில் 'ஸோல் சிட்டி' என்ற ரெக்கார்டு கடை வைத்திருந்தவர். வட இங்கிலாந்திலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் புதுப் பாணி இசையைத் தொடாமல் 1960களின் நடுப்பகுதி வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்து 'நார்தர்ன் ஸோல்' என்று பெயரிட்டவரும் அவரே. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக்கின் கோல்டன் டார்ச், 1973 முதல் 1981 வரை விகன் கசினோ என்று தொழிற்சாலை ஊர்களின் இளைஞர்கள் விடிய விடிய ஆடிய அரங்குகளுக்கு, எவரும் கேட்டிராத தட்டு ஒவ்வொரு வாரமும் தேவைப்பட்டது. டெட்ராய்டில் தோற்றுப்போன பாட்டுகளுக்கு அங்கே மறுபிறவி கிடைத்தது.

அந்த அரங்குகளில் தட்டு போட்டவர்கள் அரிய தட்டு கிடைத்தால் லேபிளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். பாட்டுக்கும் பாடகருக்கும் பொய்ப் பெயர் சூட்டுவார்கள். போட்டியாளர் கண்டுபிடித்துத் தானும் ஒரு பிரதி வாங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். லேபிள் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்கள் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாட்டை ஊரே கேட்கலாம், காகிதத்தை மட்டும் எவரும் பார்க்கக் கூடாது! காரணம், அறிவு முழுவதும் அந்தக் காகிதத்தில் இருந்தது. ஃபிராங்க் வில்சனின் 'டு ஐ லவ் யூ' இதற்குப் பெரிய உதாரணம். மோட்டவுனின் கிளையான 'ஸோல்' லேபிளில் 1965இல் தயாரான பாட்டு. வில்சன் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராக இருப்பதைத் தேர்ந்தெடுத்ததால், அச்சான மாதிரிப் பிரதிகள் அழிக்கப்பட்டன என்பது வரலாறு. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1970களின் பிற்பகுதியில் எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் கள்ளப் பிரதி கிளம்பி அரங்குகளை நிறைத்தது. ஆடியவர்கள் வில்சனின் குரலுக்கு ஆடிக்கொண்டே வேறு பெயரைக் கொண்டாடினார்கள். அசல் லேபிள் வெளிச்சத்துக்கு வந்த பிறகே அந்தக் குரல் அதன் சொந்தக்காரரிடம் திரும்பியது. 1979இல் தம்லா மோட்டவுன் முறைப்படி வெளியிட்டது. 2009இல் அசல் பிரதி ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது. கள்ளப் பிரதிகளைப் பிடிப்பதும் லேபிள் அறிவுதான். அசலைப் படமெடுத்து அச்சிடும்போது நுண்ணிய கோடுகள் தடித்துக் கலங்கும். அசல் ஸ்டைரீன் மட்டுமே என்று தெரிந்த பாட்டு மென்மையான வினைலில் வந்தாலோ, இயந்திர முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் கைக்கீறல் இருந்தாலோ சந்தேகிக்கலாம். கள்ளப் பிரதியிலிருந்து பாடியவருக்குச் சல்லிக்காசு போவதில்லை என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு வெறும் சேகரிப்பாளர் விளையாட்டல்ல.

இங்கேதான் எனக்கு மிகவும் உறைக்கும் ஆட்சேபம் வருகிறது. 14,543 பவுண்டில் டாரெல் பேங்க்ஸுக்கு என்ன கிடைத்தது? 1970இல், முப்பத்திரண்டு வயதில், டெட்ராய்டில் சுட்டுக் கொல்லப்பட்டார் அவர். கறுப்பினக் கலைஞர் உழைப்பில் உண்டான பொருளை, அவர் முகத்தையே பார்த்திராத ஒரு நாட்டின் வெள்ளையர்கள் தங்களுக்குள் விற்று வாங்கிக்கொள்கிறார்கள். பாடியவருக்கோ குடும்பத்துக்கோ அதில் பங்கில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு முழுமையான மறுப்பு என்னிடம் இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. பழம்பொருள் சந்தையின் பணம் ஒருபோதும் படைத்தவரிடம் போவதில்லை. ஆனால் விலைக்கும் ஆராய்ச்சிக்கும் பாதை வேறு. லேபிளில் உள்ள பதிப்புரிமைக் கம்பெனியின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் நூலாகப் பிடித்துக்கொண்டு உரிமையாளர்களைத் தேடிப்போய், முறையாக உரிமம் பெற்று மறுவெளியீடு செய்யும் வழக்கம் இந்த ஆர்வலர் வட்டத்திலிருந்தே பிறந்தது. ஏஸ் நிறுவனம் 1982இல் தொடங்கிய கென்ட் லேபிள் அதற்கு முன்மாதிரி. உள்ளூரில் மறக்கப்பட்ட பாடகர்கள் இங்கிலாந்து மேடைகளுக்கு அழைக்கப்பட்டதும் இதே ஆர்வத்தால்தான். மேஜர் லான்ஸ் 1972இல் கோல்டன் டார்ச் அரங்கில் பாடியது நேரடி இசைத்தொகுப்பாகவே வெளிவந்தது. லேபிளின் அடைப்புக்குறிக்குள் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பது வெறும் தகவலல்ல, பணம். பேங்க்ஸின் அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியதில் தனக்குப் பங்குண்டு என்று பாடகர் டானி எல்பர்ட் உரிமை கோரினார். இப்படிப்பட்ட தகராறு எழும்போது முதல் அச்சில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு, முதல் அச்சைப் பத்திரப்படுத்திய யாராவது இருந்தாக வேண்டும்.

ஷ்ரைன் கம்பெனியின் கதை இல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது. பெர்ரி கோர்டியோடு சேர்ந்து மோட்டவுனைக் கட்டியெழுப்பியவர் அவருடைய முன்னாள் மனைவி ரேனோமா. அவரும் எடி சிங்கிள்டனும் 1960களின் நடுவில் வாஷிங்டனில் தொடங்கியது ஷ்ரைன். கொலையுண்ட கென்னடியின் நினைவாக வைத்த பெயர். லேபிளில் அவர் சமாதியில் எரியும் அணையாச் சுடர். ரே பொல்லார்ட், ஜே. டி. பிரையன்ட், கெய்ரோஸ் குழு, எடி டேயும் ஃபோர் பார்ஸும் என்று இருபது தட்டுகள் அளவில் வெளியிட்டுவிட்டு, விநியோகம் கைகொடுக்காமல் சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் வாஷிங்டன் எரிந்தபோது, கிடங்கில் விற்காமல் கிடந்த ஷ்ரைன் தட்டுகளும் எரிந்துபோயின என்று சொல்லப்படுகிறது. எஞ்சிய பிரதிகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, எண்களை வரிசைப்படுத்தி, எந்த எண் வெளிவந்தது, எது வராமலே போனது என்று கணக்கெடுத்து, லேபிளில் கண்ட பெயர்களைக் கொண்டு பாடியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டவர்கள் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள்தான். அமெரிக்கத் தலைநகரின் கறுப்பின இசையில் ஒரு முழு அத்தியாயம் இருபது லேபிள்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது. கெய்ரோஸின் 'ஸ்டாப் ஓவர்லுக்கிங் மீ' கேட்டவர்களுக்கு, அந்த உழைப்பு எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. கோர்வைக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்த இரண்டரை நிமிடங்களை மோட்டவுனின் எந்த உயரத்துக்கும் பக்கத்தில் வைக்கலாம்.

"எல்லாம் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறதே, இனி தட்டு எதற்கு?" என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். கேட்பதற்குத் தட்டு தேவையில்லை. இசை அத்தனை பேருக்கும் கிடைப்பது நல்லதே. ஆனால் ஒலிச்செயலிகளில் பாட்டோடு வரும் ஆண்டு பல சமயம் மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கிறது. உரிமையாளர் என்று இருப்பது கடைசியாக வாங்கிய நிறுவனத்தின் பெயர். வாத்திய அமைப்பாளரையும் ஊரையும் காணோம். 'ஷாப் அரவுண்ட்' இரண்டில் எது ஒலிக்கிறது என்று அங்கே எவரும் சொல்வதில்லை. அசல் தட்டை மட்டுமே அரங்கில் சுழலவிட வேண்டும் என்று இன்னும் சில நார்தர்ன் ஸோல் வட்டங்களில் விதி உண்டு. கள்ளப் பிரதிகளைத் தடுக்க வந்த விதி என்ற அளவில் அது நியாயம். முறையான மறுவெளியீட்டையும் சேர்த்து விலக்கும்போது அது பணமுள்ளவருக்கு மட்டும் கதவு திறக்கும் விதியாகிவிடுகிறது. அங்கே நான் அதற்கு எதிர்ப்பக்கம்.

சந்தை மதிப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லாத இன்னொரு வழக்கமும் இருக்கிறது. லேபிளில் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் தட்டின் விலை இறங்கும். வானொலி நிலையத்தின் ரப்பர் முத்திரை, எந்தப் பக்கம் போடவேண்டும் என்று அறிவிப்பாளர் இட்ட பெருக்கல் குறி, வந்துசேர்ந்த தேதி, விழா வீட்டுக்கு எடுத்துப்போனால் தொலையாமலிருக்க ஒரு பெண் எழுதிவைத்த பெயர் எல்லாமே குறை என்று பட்டியலில் பதிவாகும். விற்காத சரக்கு என்று கழித்துக்கட்டியபோது லேபிளோடு சேர்த்துத் துளையிட்ட ஓட்டையும் குறைதான். என் வாதத்தின்படி பார்த்தால் இது தலைகீழ். தேதி அச்சிடாத ஒரு கம்பெனியின் தட்டில் நிலையத்தின் தேதி முத்திரை இருந்தால், அந்தப் பாட்டு எந்த வாரம் எந்த ஊரை எட்டியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. பெருக்கல் குறி பின்பக்கத்தில் இருந்தால், கம்பெனி ஒன்றை நினைத்து அனுப்ப, வானொலி வேறொன்றைப் போட்டது தெரிகிறது. 'கிரீன் ஆனியன்ஸ்' பிழைத்ததும் அப்படித்தான். மாசுமருவற்ற பிரதியைத் தேடுகிறவர்கள் அந்த எழுத்தை ரசாயனம் போட்டு அழிக்கவும் செய்கிறார்கள். இனி தொகுக்கப்படும் லேபிள் அட்டவணைகளில் எழுத்துரு, ஆலை முத்திரை, மேட்ரிக்ஸ் எண் இவற்றோடு இந்தக் கையெழுத்துகளுக்கும் தேதிகளுக்கும் தனிப் பத்தி வேண்டும். அழிப்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்துவைக்க வேண்டும்.